ஊர் கூடிச் செய்த தேர்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். வாஸ்தவம். ஆனால் தேரை இழுப்பது வேறு; தேரைச் செய்வது வேறு. ஒரு வீட்டார் சக்கரம், ஒரு வீட்டார் அச்சாணி, இன்னொரு வீட்டார் வடம் என்று ஆளுக்கொரு சாமானாகத் தானம் கொடுத்து, அவற்றையெல்லாம் பூட்டி ஒரு தேர் செய்து, அதுவும் உலகத்திலே எந்தத் தேரும் ஓடாத வேகத்தில் ஓடவேண்டும் என்று ஆசைப்பட்டால் என்ன ஆகும்?

இங்கிலாந்தில் ஒரு சமயம் அப்படித்தான் ஆசைப்பட்டார்கள். அங்கே அவர்கள் செய்த தேர் ஒரு பந்தய மோட்டார்க் கார். அதன் பெயர் பி.ஆர்.எம். அதற்குள் இருந்த யந்திரத்துக்கு 16 சிலிண்டர். அத்தனை அதிசயமான யந்திரத்தை அதற்கு முன்னால் அந்த நாட்டில் யாரும் பந்தயத்துக்கென்று செய்ததில்லை. அத்தனை பரிகாசத்துக்கு ஆளான யந்திரமும் வேறு இல்லை.

"கார் பந்தயத்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டு, தொடர்கதைப் பக்கத்துக்குத் தாவிவிடாதீர்கள். இதுவும் ஒரு தொடர்கதைதான். இதிலே வீம்பு உண்டு, கண்ணீர் உண்டு, ஊர் வாயில் விழுந்த அவமானம் உண்டு. எதிர்பாராத ஒரு முடிவும் உண்டு.

ரேஷன் புத்தகமும் ராஜ கனவும்

இரண்டாவது உலக யுத்தத்துக்கு முந்திய சில வருஷங்களில் ஐரோப்பாவின் பெரிய கார் பந்தயங்களில் ஜெர்மானியர்கள் வைத்ததுதான் சட்டம். மெர்ஸிடிஸ், ஆட்டோ யூனியன் என்ற இரண்டு கம்பெனிகளின் வெள்ளிநிறக் கார்கள் சிட்டாய்ப் பறந்து பரிசுகளை வாரிக்கொண்டு போயின. அவற்றுக்குப் பின்னால் ஹிட்லர் சர்க்காரின் பணம் இருந்தது. இங்கிலாந்துக்காரர்கள் சிறிய கார்களின் பந்தயங்களில் ஓடிச் சமாதானப்பட்டுக் கொண்டார்கள். அப்படி ஓடியவர்களில் ஒருவர் ரேமண்ட் மேஸ். லிங்கன்ஷயர் ஜில்லாவில் போர்ன் என்ற சிற்றூர்க்காரர். தம் வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை வைத்துக் கார் செய்தவர். அவருக்கு வலது கையாக இருந்தவர் பீட்டர் பெர்த்தன் என்ற என்ஜினீயர்.

1945-ல் யுத்தம் முடிகிற தறுவாயில் மேஸுக்கு ஒரு யோசனை பிறந்தது. ஆகாய விமானத்திலும் டாங்கியிலும் ஜெர்மனியை வென்ற நம்முடைய தொழிற்சாலைகள் ஒன்று சேர்ந்தால், பந்தயக் காரிலும் உலகத்தை வெல்ல முடியாதா? நாட்டின் பெரிய தொழில் அதிபர்களுக்கெல்லாம் எழுதினார். ஒரு கம்பெனியின் கார் அல்ல, தேசத்தின் கார் என்றார்.

அந்தக் காலத்து இங்கிலாந்தை மனத்தில் கொண்டு வந்து பாருங்கள். யுத்தத்தில் ஜெயித்தார்கள் என்றுதான் பெயர். யுத்த காலத்தில்கூடக் கூப்பன் இல்லாமல் கிடைத்த ரொட்டிக்கு, 1946-ல் கூப்பன் வந்தது. சர்க்கரை, வெண்ணெய், இறைச்சி எல்லாவற்றுக்கும் ரேஷன். கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு கடை வாசலில் கால் கடுக்க நின்ற குடும்பப் பெண்களுக்கு 1954-ல்தான் முழு விடுதலை கிடைத்தது. அப்படி வாடிப் போயிருந்த தேசத்துக்கு, பெருமைப்பட்டுக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. மேஸின் பேச்சு அந்த இடத்தைத் தொட்டது.

1947-ல் இதற்கென்று ஒரு டிரஸ்ட் ஏற்பட்டது. ரூபரி ஓவன் தொழிற்சாலையின் ஆல்பிரட் ஓவன், பேரிங்குகள் செய்கிற டோனி வாண்டர்வெல், மின்சாரச் சாமான்களுக்குப் பேர்போன லூகாஸ் கம்பெனி என்று பெரிய பெரிய புள்ளிகள் சேர்ந்தார்கள். ஒருவர் பணம் கொடுத்தார். ஒருவர் பல்சக்கரம் செய்து கொடுத்தார். ஒருவர் இரும்பை வார்த்துக் கொடுத்தார். சாமானிய ஜனங்களும் சங்கம் வைத்துச் சந்தா கட்டினார்கள். ஊர் கூடிவிட்டது!

காபி டம்ளருக்குள் பிரளயம்

அப்போதைய பந்தய விதி இரண்டு வழிகளைக் காட்டிற்று. யந்திரத்துக்குள் காற்றைப் பலவந்தமாகத் திணிக்கும் 'சூப்பர்சார்ஜர்' என்ற கருவி வேண்டுமென்றால், யந்திரத்தின் கொள்ளளவு ஒன்றரை லிட்டருக்கு மேல் போகக்கூடாது. அந்தக் கருவி வேண்டாமென்றால் நாலரை லிட்டர் வரை வைத்துக்கொள்ளலாம்.

பெர்த்தன் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தார். அதோடு நிற்கவில்லை. அந்த ஒன்றரை லிட்டரை 16 கூறாகப் பங்கு போட்டார்!

மோட்டார் யந்திரத்தில் சிலிண்டர் என்பது ஓர் அடுப்பு மாதிரி. பெட்ரோல் போன்ற எரிபொருளும் காற்றும் கலந்து அதற்குள் எரிகின்றன. எரிகிற வேகத்தில் பிஸ்டன் என்கிற கட்டை கீழே தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளுதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஒரே பெரிய அடுப்பை வைப்பதற்குப் பதிலாகப் பல சின்ன அடுப்புகளை வைத்தால் ஓர் அனுகூலம் உண்டு. பிஸ்டன் சின்னது, அது போய் வரவேண்டிய தூரமும் குறைவு. ஆகவே அதை மிக விரைவாக ஓட்டலாம். விரைவு கூடினால் சக்தி கூடும்.

பி.ஆர்.எம். யந்திரத்தில் ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் 5 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஓர் எலுமிச்சம்பழம் உள்ளே போனால் சரியாக இருக்கும். ஒவ்வொன்றின் கொள்ளளவு 93 கன சென்டிமீட்டர். நம் வீட்டுச் சின்னக் காபி டம்ளர் அளவுகூடத் தேறாது. இந்த மாதிரிப் பதினாறு டம்ளர்களை, பக்கத்துக்கு எட்டாக, விரித்து வைத்த புத்தகம்போல் 135 டிகிரிக் கோணத்தில் சாய்த்து அடுக்கினார்கள். அந்த யந்திரம் நிமிஷத்துக்கு 12,000 சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது திட்டம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிஷத்துக்கு 12,000 என்றால் ஒரு விநாடிக்கு 200 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும். பதினாறுக்கும் சேர்த்து ஒரு விநாடிக்கு 1,600 வெடி! தீபாவளிக்கு ஒரு தெரு முழுக்கச் சரம் கொளுத்தினாலும் அந்த வேகத்துக்கு ஈடாகாது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் மறந்ததே இல்லை. உறுமலாகத் தொடங்கி, உச்சஸ்தாயியில் ஓர் அலறலாக ஏறும். கார் கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்னாலேயே காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான்.

எதிர்பார்த்த சக்தி 600 குதிரைகள். அப்போது எல்லாரையும் ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்த இத்தாலிய ஆல்பா ரோமியோ காரின் எட்டு சிலிண்டர் யந்திரம் 1950-ல் கொடுத்தது சுமார் 350 தான். காகிதத்தில் பி.ஆர்.எம். ஜெயித்தாகிவிட்டது.

மத்தும் மோரும்

சூப்பர்சார்ஜரைச் செய்து கொடுத்தவர்கள் ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனியார். யுத்தத்தில் ஸ்பிட்பயர் விமானத்தைத் தூக்கிக்கொண்டு பறந்த மெர்லின் யந்திரத்தின் சொந்தக்காரர்கள். காற்றைத் திணிக்கும் கலையில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. விமானத்துக்குச் செய்த அதே முறையில், சுழலும் தகடுகளால் காற்றை வெளிப்பக்கமாக வீசி நெருக்கும் ஒரு கருவியை இரண்டு அடுக்காகச் செய்து கொடுத்தார்கள். வேலைப்பாட்டில் அது ஒரு நகை.

ஆனால் வினையும் அதற்குள்தான் இருந்தது.

மோர் கடைகிறீர்கள். மத்தை மெதுவாகச் சுழற்றினால் மோர் சும்மா அசைகிறது. வேகமாகச் சுழற்றினால் பானையின் ஓரத்தில் ஏறுகிறது. இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுழற்றினால், கொஞ்சம் அல்ல, ஏகமாக மேலே ஏறிப் புடைவையெல்லாம் தெறிக்கிறது. இந்தக் கருவியின் குணமும் அதுதான். வேகம் இரண்டு மடங்கானால், அது கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய நாலு மடங்காகும்.

ஆகாயத்தில் இதனால் தொந்தரவு இல்லை. விமானம் ஒரே சீரான வேகத்தில் மணிக்கணக்காகப் பறக்கிறது. பந்தயக் கார் அப்படியா? வளைவில் மெதுவாகப் போகவேண்டும், நேர்ப்பாதையில் பாயவேண்டும், மறுபடி வளைவு. பி.ஆர்.எம். காரில் வளைவை விட்டு வெளியே வந்து மிதியை அழுத்தினால், முதலில் ஒன்றும் நடக்காது. யந்திரம் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும். சுற்று ஏற ஏற, திடீரென்று பிரளயமாகச் சக்தி வரும். பின் சக்கரம் தரையில் பிடிப்பை இழந்து வழுக்கும். வழுக்கினால் யந்திரம் இன்னும் வேகமாகச் சுற்றும். வேகமாகச் சுற்றினால் சக்தி இன்னும் கூடும். கூடினால் இன்னும் வழுக்கும்! சாதாரணக் கார் ஓட்டி பயந்தால் காலை எடுத்துவிட்டுத் தப்பிக்கலாம். இங்கே காலை எடுத்தால் சக்தி ஒரேயடியாக மடிந்து, கார் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். கோபமும் தாபமும் மாறி மாறி வருகிற மனிதரோடு குடித்தனம் செய்கிற கதைதான்.

காசு மழை

1949-ம் வருஷம் டிசம்பர் 15-ந் தேதி, போக்கிங்ஹாம் என்ற விமானத்தளத்தில் காரைப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டினார்கள். தாழ்ந்து, நீண்டு, வெளிர் பச்சை நிறத்தில் அது நின்ற அழகைக் கண்டு எல்லாரும் சொக்கிப் போனார்கள். 1950 மே மாதம் 13-ந் தேதி, சில்வர்ஸ்டோன் மைதானத்தில் உலகச் சாம்பியன் பட்டத்துக்கான முதல் பந்தயம் நடந்தது. ஜார்ஜ் மன்னரும் ராணியும் வந்திருந்தார்கள். பந்தயத்தில் கலந்துகொள்ளக் கார் தயாராகவில்லை. மேஸ் தாமே உட்கார்ந்து சில சுற்று ஓட்டிக் காட்டினார். கூட்டம் ஆரவாரித்தது. பெண்ணை அலங்கரித்துக் காட்டியாகிவிட்டது. கல்யாணம் எப்போது?

முகூர்த்தம் ஆகஸ்டு 26-ந் தேதிக்குக் குறித்தார்கள். அதே சில்வர்ஸ்டோன். ஓட்ட வந்தவர் பிரான்ஸ் தேசத்தின் ரெமோன் சோமர். சூரர் என்று பெயர் வாங்கியவர். கார் கடைசி நேரத்தில்தான் வந்து சேர்ந்ததால், கடைசி வரிசையில் நிறுத்தினார்கள். லட்சக்கணக்கான கண்கள் அந்தப் பச்சைக் காரின் மேல். கொடி விழுந்தது. மற்றக் கார்களெல்லாம் பறந்தன. சோமர் கிளட்சை விட்டார். கார் ஒரு துள்ளுத் துள்ளிற்று. அவ்வளவுதான், நின்றுவிட்டது. யந்திரத்தின் சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டில் இருந்த மூட்டு முறிந்துபோயிற்று.

தேசத்தின் காரைக் கைகளால் தள்ளிக்கொண்டு போனார்கள். கூட்டத்தில் சிலர் நையாண்டியாகச் செப்புக் காசுகளை விட்டெறிந்தார்கள். பிச்சைக்காரத் தட்டில் போடுகிற மாதிரி! சந்தா கட்டிய ஜனங்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? மறுநாள் பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. முன்னே வானளாவப் புகழ்ந்தவையும் அவைதான்.

சோமர் அந்தக் காரில் மறுபடி உட்காரவே இல்லை. இரண்டே வாரம் கழித்து, செப்டம்பர் 10-ந் தேதி, பிரான்ஸில் காதூர் என்ற இடத்தில் வேறொரு காரில் ஓடிய பந்தயத்தில் அவர் உயிரிழந்தார்.

அதே மாத இறுதியில் குட்வுட் மைதானத்தில் கொட்டுகிற மழையில் ரெக் பார்னெல் என்ற ஓட்டி இரண்டு சிறிய பந்தயங்களை பி.ஆர்.எம். காரில் ஜெயித்தார். போன மானம் கொஞ்சம் திரும்பிற்று. ஆனால் அடுத்த மாதம் பார்ஸிலோனாவுக்குப் போன இரண்டு கார்களும் பாதியில் நின்றன.

வெந்த கால்கள்

1951 ஜூலை 14-ந் தேதி பிரிட்டிஷ் கிராண்ட் பிரி. இந்தத் தடவை இரண்டு கார்கள். பார்னெல் ஒன்றில், பீட்டர் வாக்கர் மற்றொன்றில். வழக்கம்போல் கார்கள் பந்தயத்தன்று காலையில்தான் வந்தன. ஒரு சுற்றுக்கூடப் பழகிப் பார்க்காமல் கடைசி வரிசையிலிருந்து புறப்பட்டார்கள்.

அன்று நடந்ததைத் தோல்வி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புகைபோக்கிக் குழாயின் சூடு ஓட்டி உட்காரும் இடத்துக்குள் அப்படியே இறங்கியது. அவர்கள் காலும் கையும் வெந்தன. பெட்ரோல் போட நிறுத்தும்போது புண்ணுக்குக் களிம்பு தடவித் துணியைச் சுற்றிக்கொண்டு, மறுபடி அந்த அடுப்புக்குள்ளேயே ஏறி உட்கார்ந்தார்கள். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டி முடித்தார்கள். பார்னெலுக்கு ஐந்தாம் இடம், வாக்கருக்கு ஏழாம் இடம். முதலில் வந்தவருக்கு ஐந்து சுற்றுப் பின்னால்தான் பார்னெல். ஆனால் இந்த முறை யாரும் காசு எறியவில்லை.

முதலில் வந்தது யார் என்பதில் ஒரு பாடம் இருக்கிறது. அர்ஜென்டினாவின் கோன்ஸாலெஸ் ஓட்டிய பெர்ராரி கார். உலகச் சாம்பியன் பந்தயங்களில் பெர்ராரிக்கு அதுதான் முதல் வெற்றி. அந்தக் கார் இரண்டாவது வழியில் போனது. சூப்பர்சார்ஜர் இல்லாத நாலரை லிட்டர் யந்திரம். அது அதிகப் பெட்ரோல் குடிக்காது, சீராக ஓடும், ஓட்டி சொன்ன பேச்சைக் கேட்கும்.

அந்த 16 சிலிண்டர் யந்திரம் உலகச் சாம்பியன் பந்தயத்தில் புறப்பட்டு ஓடியது அந்த ஒரே ஒரு நாள்தான். செப்டம்பரில் இத்தாலிக்குப் போன கார்கள் பந்தயம் தொடங்குவதற்கு முன்னாலேயே விலக்கிக்கொள்ளப்பட்டன.

காத்திருந்து கெட்ட கதை

1951-ன் முடிவில் ஆல்பா ரோமியோ கம்பெனியார் பந்தயத்திலிருந்து விலகினார்கள். இனி பெர்ராரியை எதிர்க்க பி.ஆர்.எம். ஒன்றுதான். 1952 ஏப்ரலில் இத்தாலியில் டூரின் நகரப் பந்தயத்துக்கு அது வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். உலகச் சாம்பியன் ஃபாஞ்ஜியோ இங்கிலாந்துக்கு வந்து காரை ஓட்டிப் பார்க்கப் போகிறார் என்பதற்காக மேஸ் கார்களை அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்.

பந்தயம் நடத்துகிறவர்கள் பொறுமை இழந்தார்கள். பெர்ராரி ஒன்றே ஓடுகிற பந்தயத்தைக் காசு கொடுத்து யார் பார்ப்பார்கள்? அந்த வருஷமும் அடுத்த வருஷமும் சாம்பியன் பட்டத்துக்கு இரண்டு லிட்டர்க் கார்களே போதும் என்று மாற்றிவிட்டார்கள். எந்த விதிக்காக அந்த யந்திரத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்களோ, அந்த விதியே அதன் காலுக்கு அடியிலிருந்து நழுவிவிட்டது. வரன் வரும் வரும் என்று காத்திருந்து முகூர்த்தமே தப்பிப்போனது!

பிறகு ஃபாஞ்ஜியோ வந்து ஓட்டினார். அவருக்கு அந்தக் கார் பிடித்துப்போயிற்று. முரட்டுக் குதிரையை அடக்குவதில்தானே குதிரைக்காரனுக்குச் சந்தோஷம்? அதே காரை ஓட்டிப் பார்த்த இளைஞர் ஸ்டர்லிங் மாஸின் அபிப்பிராயம் நேர் விரோதம். தாம் ஓட்டியவற்றிலேயே மிக மோசமான கார் என்று பிற்காலத்தில் அதைத்தான் குறிப்பிட்டார். ஒரே கார்தான், இரண்டு பேருமே மேதைகள். கையில் அபார வித்தையும் அதற்கேற்ற துணிச்சலும் உள்ள ஒருவருக்கு மட்டும் வசப்படுகிற யந்திரத்தை நல்ல யந்திரம் என்று சொல்லலாமா, கூடாதா? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

1952-ன் கடைசியில் டிரஸ்டார் கையை விரித்துவிட்டார்கள். ஆரம்பத்திலிருந்தே கூட இருந்த ஆல்பிரட் ஓவன், காரையும் கடனையும் தலைவலியையும் ஒன்றாக விலைக்கு வாங்கிக்கொண்டார். தகப்பனார் காலமானதால் 21 வயதிலேயே தொழிற்சாலைப் பொறுப்பைத் தலையில் ஏற்றவர் அவர். எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிற சுபாவம் அவருக்கு இல்லை.

ஆல்பி நகரில் ஒரு மின்னல்

வேடிக்கை என்னவென்றால், பட்டத்துக்கு உதவாது என்று ஆன பிறகுதான் அந்த யந்திரம் ஒழுங்காக ஓடத் தொடங்கியது. 1952 செப்டம்பரில் குட்வுட்டில் முதல் மூன்று இடங்களும் பி.ஆர்.எம்.முக்கே! 1953-ல் பிரான்ஸில் ஆல்பி நகரப் பந்தயம். நீண்ட நேர்ச் சாலைகள் உள்ள இடம். விதிக் கட்டுப்பாடு இல்லாத பந்தயமாதலால் பழைய கார்களும் ஓடலாம். முதல் கட்டத்தில் ஃபாஞ்ஜியோ அந்தப் பதினாறையும் அலறவிட்டுக்கொண்டு, பெர்ராரியில் வந்த அஸ்காரியையே திணறடித்து ஜெயித்தார். எட்டு வருஷமாகக் காகிதத்தில் இருந்த வேகம் அன்று சாலையில் தெரிந்தது.

இறுதிக் கட்டத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? யந்திரம் தோற்கவில்லை. டயர்கள் தோற்றன! அந்த வேகத்தைத் தாங்கமாட்டாமல் ரப்பர் பாளம் பாளமாகப் பிய்ந்து பறந்தது. ஃபாஞ்ஜியோ ஒதுங்கினார். கென் வார்ட்டனின் கார் உருண்டு நொறுங்கியது. அவர் உயிர் தப்பியது தெய்வச் செயல். டயர் மாற்றி மாற்றிக் கோன்ஸாலெஸ் இரண்டாவதாக வந்தார்.

எங்கே தவறிற்று?

யந்திரம் தவறான யந்திரமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அதில் இருந்த ஒவ்வொரு யோசனையும் தனித்தனியே நல்ல யோசனைதான். பதினாறு சிலிண்டர், விமானச் சூப்பர்சார்ஜர், கம்பிச் சுருளுக்குப் பதில் காற்று அடைத்த குழாய்களின் மேல் நிற்கும் முன் சக்கரங்கள் எல்லாமே புதுமை. ஆனால் எல்லாப் புதுமையையும் ஒரே நாளில், ஒரே காரில் செய்து பார்த்தார்கள். புதுச் சமையல்காரர், புது அடுப்பு, இதுவரை செய்தே பார்க்காத பலகாரம், அதுவும் சம்பந்தி விருந்தன்று! எது கெட்டது, எதனால் கெட்டது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. சிலிண்டர் உறைகளின் ஓரத்தில் நீர் கசியும். அதைச் சரி செய்தால் வேறொன்று உடையும்.

இரண்டாவது, தானச் சாமான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? ஒரு பல்சக்கரம் வேண்டுமென்றால், அதை இலவசமாகச் செய்து தருகிற தொழிற்சாலை தன் காசு கொடுக்கும் வாடிக்கைக்காரர்களை முதலில் கவனித்துவிட்டுத்தான் இதைக் கவனிக்கும். மாதங்கள் ஓடும். கோபித்துக்கொள்ளவும் முடியாது.

மூன்றாவது, கமிட்டி. பத்துப் பேர் உட்கார்ந்து பேசி எடுக்கிற முடிவை, இத்தாலியில் ஒரே முதலாளி தாடியைத் தடவுகிற நேரத்தில் எடுத்துவிடுவார். டிரஸ்டில் இருந்த வாண்டர்வெல் இதைக் கண்டு சலித்துத் தனியாகப் போனார். ஒரு பெர்ராரியை விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்துப் பழகினார். பிறகு 'வான்வால்' என்று சொந்தக் கார் செய்தார். அதற்கு எத்தனை சிலிண்டர் தெரியுமா? நாலே நாலு. 1958-ல் கார் தயாரிப்பாளர்களுக்கென்று முதன் முதலாக ஏற்பட்ட உலகப் பட்டத்தை அந்த நாலு சிலிண்டர் கார் தட்டிக்கொண்டு போயிற்று.

நாலாவதுதான் முக்கியம். காரைச் செய்து ஓட்டிப் பார்த்துவிட்டுப் பெருமை பேசியிருந்தால் அந்த யந்திரத்தை யாரும் பரிகசித்திருக்கமாட்டார்கள். பணம் வேண்டும் என்பதற்காக முதலில் பெருமை பேசவேண்டியிருந்தது. பேசிய பெருமைக்கு ஈடு கொடுக்கத் தயாராகாத காரை மைதானத்துக்கு இழுத்து வரவேண்டியிருந்தது. சில்வர்ஸ்டோனில் முறிந்தது ஒரு மூட்டு என்றாலும், அதை முறித்தது அந்த அவசரம்.

சூடு கண்ட பூனை

ஓவன் விடவில்லை. 1959-ல் ஹாலந்து பந்தயத்தில் பி.ஆர்.எம். தன் முதல் கிராண்ட் பிரியை ஜெயித்தது. அதிலும் இருந்தது நாலு சிலிண்டர்தான். பின்னும் தோல்விகள் தொடர்ந்தன. ஓவன் ஒரு நாள் கண்டிப்பாகச் சொன்னார்: ஜெயித்துக் காட்டுங்கள், இல்லாவிட்டால் கடையை மூடிவிடலாம். முன்பு ரோல்ஸ்-ராய்ஸிலிருந்து சூப்பர்சார்ஜரைப் பார்த்துக்கொள்ள வந்து, அப்படியே தங்கிவிட்ட டோனி ரட் என்ற என்ஜினீயரின் கையில் பொறுப்பு வந்தது. எட்டு சிலிண்டர் யந்திரத்தோடு கிரஹாம் ஹில் ஓட்டினார். 1962 டிசம்பர் 29-ந் தேதி, தென்னாப்பிரிக்காவில் ஈஸ்ட் லண்டன் நகரில் உலகச் சாம்பியன் பட்டம் கிடைத்தது. காசு மழை பெய்து 12 வருஷம் ஆகியிருந்தது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இந்தப் பூனை போயிற்று! 1966-ல் விதி மாறி மூன்று லிட்டர் யந்திரம் வேண்டும் என்றானபோது, பி.ஆர்.எம். மறுபடியும் பதினாறு சிலிண்டரையே கையில் எடுத்தது. படுக்கை வசத்தில் இருந்த எட்டு சிலிண்டர் யந்திரங்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ஏகக் கனம், ஏகச் சிக்கல். அந்த யந்திரம் தன் ஆயுளில் ஜெயித்தது ஒரே ஒரு கிராண்ட் பிரிதான். 1966 அக்டோபரில் அமெரிக்காவில் வாட்கின்ஸ் கிளென்னில். அதுவும் பி.ஆர்.எம். காரில் அல்ல! யந்திரத்தை இரவல் வாங்கித் தன் லோட்டஸ் காரில் வைத்து ஓட்டிய ஜிம் கிளார்க்குக்குத்தான் அந்த வெற்றி. பெற்றவள் வீட்டில் பேசாத குழந்தை, அடுத்த வீட்டில் போய்ப் பாடிக் காட்டிற்று.

1974-ல் ஓவன் குழுமம் கையைக் கழுவிக்கொண்டது. 1977-ல் உலகச் சாம்பியன் பந்தயங்களில் பி.ஆர்.எம். கதை முடிந்தது.

நிலைக்கு வந்த தேர்

ஜெயித்த கார்கள் எத்தனையோ உண்டு. பாதிப் பேருக்கு அவற்றின் பெயர் நினைவில் இல்லை. தோற்ற இந்தப் பதினாறு சிலிண்டரை மட்டும் இங்கிலாந்து மறக்கவில்லை. பூலியூ என்ற இடத்தில் உள்ள தேசிய மோட்டார் மியூசியத்தில் ஒரு கார் இருக்கிறது. பழைய கார்கள் கூடுகிற விழாக்களில் அந்த யந்திரத்தை முடுக்கினால், வழியோடு போகிறவர்களும் நின்று கேட்கிறார்கள். தாத்தாமார் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

அதற்கும் மேலே ஒன்று. பி.ஆர்.எம். பந்தயத்துக்கு வந்து 70 வருஷம் ஆனதையொட்டி, 2020-ல் ஓர் அறிவிப்பு வந்தது. பழைய வரைபடங்களை வைத்துக்கொண்டு, அதே பதினாறு சிலிண்டர்க் கார்களில் மூன்றைப் புதிதாகச் செய்யப்போகிறார்கள் என்று! வேலையை எடுத்துக்கொண்டது, மேஸ் பட்டறை வைத்திருந்த அதே போர்ன் ஊரில் உள்ள ஒரு பட்டறை. முதல் காரைக் கேட்டு வாங்கியது ஆல்பிரட் ஓவனின் குடும்பம். சிறுவயதில் கேட்ட அந்தச் சத்தத்தை இன்னொரு தரம் கேட்கவேண்டும் என்ற ஆசை.

இந்தத் தடவை கமிட்டி இல்லை, அவசரம் இல்லை, கூட்டம் காசோடு காத்திருக்கவும் இல்லை. யந்திரம் பாடிற்று. ஊர் கூடிச் செய்த தேர், ஓடவேண்டிய வீதியில் ஓடாவிட்டாலும், எழுபது வருஷம் கழித்துத் தன் ஊருக்கே வந்து நிலை சேர்ந்தது.